உள்ளங்கால் கறுப்பு: மேட்டிலா, பள்ளத்திலா?

கடலூர் மாவட்டம் வடக்குத்துப் பக்கம் உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தால் யாரும் பதறுவதில்லை. முந்திரித் தோப்பில் முள் குத்தியிருக்கும். சுரங்க வேலைக்குப் போட்ட பூட்ஸ் அழுத்தி ரத்தம் கட்டியிருக்கும். இல்லையென்றால் கால் ஆணி. பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் மெலனோமா என்ற தோல் புற்றுநோய், அபூர்வமாக நம்மவர்களுக்கு வரும்போது, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற வெயில் படாத இடங்களில்தான் அதிகம் வருகிறது. சன்ஸ்கிரீன் விளம்பரம் இதற்கு உதவாது.

சந்தேகம் வந்தால் தோல் டாக்டர் எடுப்பது டெர்மோஸ்கோப். உள்ளங்கைக்குள் அடங்கும் லென்ஸ், சுற்றிலும் விளக்கு. சுமார் 10 மடங்கு பெரிதாக்கும். வெறும் லென்ஸில் தோலின் பளபளப்பு கண்ணை மறைக்கும். இதில் ஜெல் தடவியோ, துருவப்படுத்திய ஒளியாலோ அந்தப் பளபளப்பை நீக்கிவிடுவதால், மேல்தோலுக்கு அடியில் நிறம் பரவியிருக்கும் விதம் தெரிகிறது. வலி இல்லை, ஊசி இல்லை.

உள்ளங்கால் ரேகைகள் உழுத வயல் போல மேடும் பள்ளமுமாக ஓடுகின்றன. சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் மெல்லிய கோடாக இருக்கும். மெலனோமாவின் நிறம் மேட்டின் மேல் பட்டையாகப் படரும். இந்த வித்தியாசத்தை முறையாகப் பிரித்துக் காட்டியவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். மேடு எது என்று அறிய ஒரு வழி உண்டு: வியர்வைத் துளைகள் மேட்டில்தான் திறக்கும், வெள்ளைப் புள்ளிகளாக வரிசையில் தெரியும். அதுவும் குழப்பினால் பேனா மையைத் தடவித் துடைப்பார்கள். மை பள்ளத்தில் தங்கிவிடும். (எனக்கு இந்தக் கருவியைவிட இந்த மைதான் பிடித்திருக்கிறது.) ரத்தக்கட்டும் சில சமயம் மேட்டில் உட்கார்ந்து ஏமாற்றும். ஆனால் மேலே தடித்த தோலைச் சீவினால் அது கூடவே வந்துவிடும்.

நகத்தில் பழுப்புக் கோடுகள் நம் நிறத்தவர்களுக்குச் சகஜம், அதுவும் பல நகங்களில் இருந்தால். ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகலமாகி, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் கறுப்பு பரவினால் தாமதிக்கக் கூடாது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இந்த வகை மெலனோமாதான். 1981-இல், 36 வயதில் இறந்தார்.

சில மெலனோமாக்களில் கறுப்பே இருக்காது. சிவந்த புண்ணாகவோ ஆணி போலவோ இருக்கும். அதனால் மாதக்கணக்கில் ஆறாத கால் ஆணியை வீட்டில் பிளேடால் வெட்டிக்கொண்டிருக்காமல், கடலூர் அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காட்டுவது நல்லது. டெர்மோஸ்கோப் சந்தேகத்தைத்தான் சொல்லும். முடிவைச் சொல்வது பயாப்சி. கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அதில் அளப்பார்கள். 1 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும்.