உங்கள் ஊருக்கு என்ன நிறம்?

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவே, பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண்கள், விவசாய உபயோகத்திலிருந்து தொழிற்சாலை உபயோகத்துக்கு மாற்ற உத்தேசம். ஆட்சேபணை உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். பெரும்பாலும் ஒருவரும் தெரிவிப்பதில்லை. கெடு முடிகிறது, கோப்பு நகர்கிறது. பொக்லைன் வந்து நிற்கும் அன்றுதான் ஊர் கூடுகிறது. சட்டம் காது கொடுத்துக் கேட்கும் காலத்தில் பாதி அதற்குள் கழிந்திருக்கும்.

ஒரு நிலம் வயலாக இருக்கலாமா, குடோனாகலாமா என்பது இன்று பெரும்பாலும் கணினித் திரையில் முடிவாகிறது. செயற்கைக்கோள் படம், அதன்மேல் சர்வே எல்லை, அதன்மேல் நீர்நிலை, சாலை, காடு என்று அடுக்கடுக்காகப் போட்டுப் பார்ப்பதைத்தான் ஜிஐஎஸ் என்கிறார்கள். கடைசியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம் விழுகிறது. வழக்கமாக மஞ்சள் குடியிருப்பு, ஊதா தொழிற்சாலை, பச்சை விவசாயம்.

இந்தக் கருவிகள்மேல் எனக்குக் கோபமில்லை. அவற்றால் ஊருக்குக் கிடைத்த நன்மை கண்கூடு. இஸ்ரோ செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தயாரித்து 2011-ல் வெளிவந்த தேசிய ஈரநில அட்லஸில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்கள் 2,01,503 என்று கணக்கு வந்தது. அத்தனைக்கும் ஈரநில விதிகளின் பாதுகாப்புக் கோட்பாடுகள் பொருந்தும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு படத்தில் இடம்பெற்றதே ஓர் ஏரிக்குக் கவசமாயிற்று. ஆனால் 2.25 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய ஐந்தரை ஏக்கர். அதற்குச் சிறிய ஊருணியும் குட்டையும் அதே அட்லஸில் வெறும் புள்ளிகள். அந்த உத்தரவின் கணக்கில் அவை வரவில்லை. படத்தில் ஏறியதற்குக் காவல் உண்டு, ஏறாததற்கு இல்லை. கவலைப்பட வேண்டியது இங்கேதான்.

எண்ணூரில் நடந்ததைப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேருமுன் பரந்து கிடக்கும் கழிமுகம் அது. அலையாத்தி, உப்பளம், இறால் பிடிக்கும் சேறு, மழை வந்தால் வடசென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் மடி. மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் அளித்த கடலோர மண்டல வரைபடத்தில் இது கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னால் மாநிலத் தரப்பிலிருந்து தகவல் உரிமைச் சட்டத்தின்வழி வெளிவந்த இன்னொரு வரைபடத்தில், சுமார் 6,500 ஏக்கர் கழிமுகப் பரப்பையே காணோம் என்று 2017-ல் மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். தண்ணீர் அங்கேயேதான் இருந்தது, படகும் ஓடிக்கொண்டிருந்தது. தாளில் மட்டும் அது தரை. பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்ட ஒரு மனுதான் அந்த வேறுபாட்டை வெளியே கொண்டுவந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிழையும் உள்நோக்கத்தோடு வருவதில்லை. பல, அளவையும் பருவத்தையும் பற்றிய கோளாறுகளே. 2019 கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையின்படி மேலாண்மைத் திட்ட வரைபடம் 1:25,000 அளவில் தயாராகிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். ஐந்து மீட்டர் அகல ஓடை அதில் ஒரு மெல்லிய கோடுதான். மீன் காயவைக்கும் களம் எறும்பு அளவுக்கு வந்தால் பெரிது. அதனால்தான் ஏறக்குறைய 1:4,000 அளவில் சர்வே எண்ணோடு கூடிய உள்ளூர் வரைபடமும் வேண்டும் என்கிறது சட்டம். மீனவ கிராமங்கள், அவர்களுடைய பொதுப் புழக்க இடங்கள், மீன் உலர்களங்கள், வருங்கால வீட்டுத் தேவைக்கான இடம் ஆகியவற்றையும் குறிக்கச் சொல்கிறது. 2023-ல் கடலோர மாவட்டங்களில் வரைவு வரைபடம்மீது கருத்துக்கேட்பு நடந்தபோது மீனவர்கள் எதிர்த்தது இதற்காகவே: குப்பங்களையும் புழக்க இடங்களையும் காணவில்லை.

சில விஷயங்களை எந்தச் செயற்கைக்கோளும் பிடிக்காது. பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்து மீனவர்கள் பகிர்ந்துகொள்வது. மேலிருந்து பார்த்தால் அது வெறும் தண்ணீர்ப் பரப்பு. கிராமத்துக்காரர் வாய்திறந்து சொல்லி, வரைபடத்தில் ஏற்றினால்தான் உண்டு.

பருவத்தின் கதை இன்னும் விசித்திரம். நம் ஏரிகள் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வானம் மேகமூட்டம். ஆகவே தெளிவாகக் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் கோடையில் எடுத்தவை. கோடையில் ஏரி உள்வாய் வெடித்த மண்ணும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். ஊரே தெரியாத ஒருவர் திரையில் பார்த்து ‘தரிசு’ என்று எழுதிவிட்டால் அவரைத் திட்டிப் பயனில்லை. படம் எடுத்த தேதியைக் கேட்க வேண்டும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. மழைக்காலப் படத்தையும் பார்த்தீர்களா என்பது எந்தத் திட்டக் குழுவிடமும் கேட்கத் தகுந்த கேள்வி.

இனி, நீங்களே பார்ப்பது எப்படி? தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் பட்டா, சிட்டாவோடு அ-பதிவேடு நகலும் புலப்படமும் எடுக்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். பலரும் பட்டாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அ-பதிவேட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த எண்ணும் சுற்றியுள்ள எண்களும் ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று எதுவாக வகைப்பட்டிருக்கின்றன என்பது அதில் இருக்கும். பக்கத்து எண் ‘வாய்க்கால்’ என்று இருந்து, போய்ப் பார்த்தால் அங்கே சிமென்ட் சாலை ஓடினால், உங்கள் மனை மழைக்குக் குளமாகும் என்று ஜோசியம் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அடுத்து, மாநில அரசின் டிஎன்ஜிஐஎஸ் தளத்திலும் இஸ்ரோவின் புவன் தளத்திலும் அதே இடத்தைத் தேடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களுக்குப் பின்னோக்கிப் போக முடியும். ஏரியின் கரை எந்த ஆண்டு உடைந்தது, கலங்கல் பக்கம் எந்த ஆண்டு வீடு முளைத்தது என்பது வரிசையாகத் தெரியும். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களும் வட்டாட்சியர் அலுவலகத்துக் கிராம வரைபடமும் உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யுடிஆர் என்றால் எல்லோருக்கும் தெரியும், பல பதிவுகள் மாறின. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டோடு ஒப்பிடாமல் ‘எப்போதும் இப்படித்தான்’ என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. திரையில் தெரியும் சர்வே கோடு வேலி போடுவதற்கு ஆதாரமல்ல. கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். செயற்கைக்கோள் படத்தின்மேல் புலப்படக் கோடு சரியாக உட்காராத இடங்களும் நிறைய. பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் சர்வேயரை அழைத்து அளந்துகொள்ளுங்கள். திரையில் கிடைப்பது சந்தேகத்துக்குரிய இடத்தைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவே.

மனை வாங்குவோருக்கு ஒன்று. ‘பட்டா இருக்கிறதே, வங்கிக் கடனும் கிடைக்கிறதே’ என்பது தரகர் சொல்லும் வாசகம். நீர்நிலைப் புறம்போக்கில் தவறாகக் கொடுத்த பட்டா ரத்தாகலாம். 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. கடைசியில் வீட்டை இழப்பவர் மனை போட்டு விற்றவர் அல்ல, தவணை கட்டிக்கொண்டிருப்பவர்.

உரிமைகளுக்கு வருவோம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டபின் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் நடைமுறைக்கு வந்தது. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டத்துக்கு அடுத்த தலைமுறையே கட்டுப்பட்டிருக்கும். பெரிய தொழில் திட்டங்களுக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பொருந்தினால், பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கும். ஆனால் சிக்கல் ஒளிந்திருப்பது சுருக்கத்தில் அல்ல, ஆங்கிலத்தில் இருக்கும் முழு அறிக்கையின் வரைபடங்களில். திட்ட எல்லை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் கேஎம்எல் என்னும் வரைபடக் கோப்பாகக் கிடைத்தால் கூகுள் எர்த்தில் திறந்து, உங்கள் ஊர் ஓடை அதற்குள் வருகிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.

வரைபடத்தைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம். தாள் நகல் மட்டும் கேட்காதீர்கள். ஷேப் ஃபைல் அல்லது கேஎம்எல் வடிவில் மின்னணு நகலும், மூலக் கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். இரண்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஆட்சேபணைக் கடிதம் எழுதுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘எங்கள் ஊரின் சுற்றுச்சூழல் பாழாகும், கருணை காட்டவும்’ என்று எழுதினால் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வார்த்தையோடு முடித்துவிடுவார்கள். ‘வரைவு வரைபடத்தில் சர்வே எண் இன்னதன் கிழக்கே வரத்துக்கால்வாய் காட்டப்படவில்லை, அ-பதிவேட்டில் வாய்க்கால் என்று உள்ளது, நகல் இணைப்பு, டிசம்பர் மாதப் படம் இணைப்பு, இதைச் சேர்த்துத் திருத்தவும்’ என்று எழுதினால் அந்தக் குறிப்பிட்ட பிழைக்குப் பதில் சொல்லாமல் கோப்பை மூடுவது கடினம். இணைக்கும் திரைப்படிமத்தில் தேதியும் அட்சரேகை, தீர்க்கரேகையும் தெரிய வேண்டும். ஏரியில் மீன்குத்தகை எடுத்தவர், மதகு திறந்த நீர்க்கட்டி போன்றோரின் எழுத்து வாக்குமூலத்தையும் சேருங்கள். கிராம சபையில் தீர்மானமாக வந்தால் இன்னும் கனம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம் இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுப்பதானால் மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

எதுவும் நடக்கவில்லையா? தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ரூ.1,000. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள்தான், அதற்கு மேல் அவகாசம் 60 நாளைத் தாண்டாது. அதனால் அந்தப் பொடி எழுத்து அறிவிப்பைக் கத்தரித்து, நாளிதழின் தேதி தெரியும்படி வையுங்கள். ஒப்புகைச் சீட்டையும் தகவல் ஆணையக் கடிதத்தையும் அதே உறையில் போடுங்கள். எந்தத் தேதியில் உங்களுக்குத் தெரியவந்தது என்பதைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் விசாரணையிலேயே கேட்பார்.