எங்க மாமா வண்டிக்குப் புது சைலன்சர்!



ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி சாலைகளில் உப்புத் தோல் ஏற்றிப் போகும் பிக்கப் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வோம். ஆனால் அந்த உப்பு, வண்டிக்கு அடியில் என்ன வேலை செய்கிறது என்று யோசித்தோமா?

எங்கள் மாமா அப்படி ஒரு பழைய டீசல் பிக்கப் ஓட்டுகிறார். இரண்டு வாரமாக அவருக்கு ஒரே தலைவலி. "வெயில்டா, வேற ஒண்ணுமில்ல" என்றார். வண்டியைப் பட்டறையில் விட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கேபினுக்கு நேர் கீழே, புகைக்குழாயில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை! "இன்னா அண்ணே, புகையைக் குடிச்சிக்கினே ஓட்டினீங்களா?" என்று கேட்டார் பட்டறை பாய்.

ஏன் துருப்பிடித்தது?

பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பு போடுகிறார்கள். அதிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் குழாயை வெளியே அரிக்கிறது. உள்ளே? ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது. சைலன்சர் ஆறியிருக்கும்போது அந்த ஆவி நீராகித் தேங்கி உள்ளேயும் அரிக்கிறது.

பழைய மாடல் என்பதால் ரெடிமேட் குழாய் கிடைக்கவில்லை. பாய் அளவெடுத்துச் செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

1. வழி: டீசல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் மூன்றையும் விட்டு விலகிப் போக வேண்டும். வளைவு அகலமாக இருக்க வேண்டும். நசுங்கினால் புகை வெளியேறாமல் இன்ஜின் திணறும்.

2. குழாய்: "தண்ணி பைப் போட்டா செலவு கம்மியாச்சே?" என்றார் மாமா. "வேணாம்ணே, அதுல துத்தநாகப் பூச்சு இருக்குது. வெல்டிங் புகையை மோந்தா ஜுரம் வந்துடும்" என்றார் பாய். சுமார் 11 சதவீதம் குரோமியம் கலந்த எஃகுக் குழாயைப் போட்டார். அது சீக்கிரம் துருப்பிடிக்காது.

3. நெளியும் துண்டு: இன்ஜின் ஆடும், சேசிஸ் ஆடாது. நடுவில் இது இல்லாவிட்டால் குழாய் விரிசல் விடும்.

4. தொங்கும் ரப்பர்: 3 மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1 செ.மீ. நீளும். நம் இயற்பியல் பாடம்தான்! அதனால் இறுக்கிக் கட்டாமல் ரப்பரில் தொங்க விடுகிறார்கள்.

5. சைலன்சர்: உள்ளே துளை போட்ட குழாய்களும் அறைகளும் உண்டு. ஒலி அலைகள் சுவரில் மோதித் திரும்பி ஒன்றை ஒன்று அடக்கிவிடும்.

6. வால் குழாய்: பாடியைத் தாண்டிப் பின்னால் முடிய வேண்டும். கேபினுக்கு அடியில் முடியவே கூடாது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றினார். கடைசியில், குழாய் சூடாகும் முன்பே இன்ஜினை ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு இடத்தில் நுரை வந்தது. மறுபடி வெல்டிங் வைத்தார்.

உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-லேயே சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார்கள்!

எச்சரிக்கை

சில அண்ணன்மார் "சவுண்டு கெத்தா வரணும்" என்று சைலன்சரை வெட்டுகிறார்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஒலி, புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறைகூட உண்டு. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் கரித்துகள் வடிகட்டியும் சென்சாரும் இருக்கின்றன. அவற்றில் பட்டறைக்காரர் கை வைக்கவே கூடாது.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். டீசல் புகையில் அது பெட்ரோலைவிடக் குறைவு. ஆனால் டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் அறிவித்துவிட்டது.

மாமாவுக்கு இப்போது தலைவலி இல்லை. வாரம் ஒருமுறை வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் அடித்து உப்பைக் கழுவுகிறார். பிடித்துவிடுவது நான்!

நண்பர்களே, உங்கள் அப்பாவோ அண்ணனோ வண்டி ஓட்டுகிறார்களா? வண்டிச் சத்தம் திடீரென்று மாறினாலோ, கேபினில் புகை வாடை வந்தாலோ அன்றைக்கே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வருமுன் காப்போம்!

— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்