கள்ளு முட்டியும் லொறியில் வரும் போத்தலும்

குடியை ஆதரித்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். போருக்குப் பின்னர் எங்கள் கிராமங்களில் எத்தனை குடும்பங்களைக் குடி தின்றது என்பதை வாகரைப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு கேள்வி. குடிக்கிறவர் எப்படியும் குடிக்கத்தான் போகிறார் என்றால், அவர் கொடுக்கும் காசு கடைசியில் யாருடைய கைக்குப் போகிறது?

பனிச்சங்கேணியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. இரண்டே ஆண்டுகளில் சண்டை வந்தது. 2006 இறுதியிலும் 2007 ஜனவரியிலும் வாகரைச் சனம் நடந்தும் களப்பைக் கடந்தும் உயிரோடு வெளியேறியது. திரும்பி வந்தவர்களுக்கு மிஞ்சியது மீன், இறால், நண்டு, கொஞ்சம் மாடு, கொஞ்சம் சேனைப்பயிர். இந்தச் சிறிய வருமானத்தில் ஒரு பகுதி திருமலை வீதியால் லொறியில் வரும் போத்தல்களுக்குப் போய்விடுகிறது. அந்தக் காசு ஊருக்குத் திரும்பி வருவதில்லை.

கள்ளுக்குக் கொடுக்கும் காசு அப்படியல்ல. சீவல் தொழிலாளி காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவி முட்டி கட்டுகிறார். வடியும் சாறு தொடக்கத்தில் வெறும் இனிப்பு நீர்தான். காற்றிலும் முட்டியிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் சீனியை உண்டு மதுசாரமாக்குகின்றன. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அந்த வேலை நின்றுவிடும், கிடைப்பது கருப்பணி. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. பூசாமல் விட்டால் கள். ஒரு நாள் தாண்டினால் புளித்து வினாகிரியின் பக்கம் போய்விடும். ஆக, ஒரே மரம் குடிக்கிறவருக்கும் குடிக்காதவருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறது.

கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு வரை இருக்கும். கடையில் விற்கும் கடும் பியர் எட்டைத் தாண்டுகிறது. சாராயத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். இதை வைத்துக் கள் மருந்து என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், அவர்களில் பலர் மத்தியானத்துக்கே படுத்துவிடுவார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. போத்தலில் "இலங்கைத் தயாரிப்பு" என்று எழுதியிருந்தால் அது உள்ளூர்ப் பொருள் ஆகிவிடுமா? இங்கே காய்ச்சும் பியருக்குரிய மோல்ற் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதி தடைசெய்யப்படும் வரை, கப்பலில் வந்த எதனோலும் மதுபான உற்பத்திக்குள் கலந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, டொலர் எங்கே போகிறது என்று பாமரரும் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வியை மதுபானக் கடை வாசலிலும் கேட்கலாம்.

கல்குடா கும்புறுமூலையில் எதனோல் தொழிற்சாலை கட்டப்பட்டபோது மக்கள் எதிர்த்தார்கள். 2017 மார்ச்சில் அங்கே செய்தி சேகரிக்கப் போன ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். எங்கள் மண்ணில் நிற்கும் தொழிற்சாலை என்பதால் மட்டும் அது எங்கள் உற்பத்தி ஆகாது. எங்கள் மரமும் எங்கள் கையும் அதில் இருக்க வேண்டும்.

கள்ளின் பக்கமும் எல்லாம் சுத்தமில்லை. சீனியையும் ஈஸ்ட்டையும் தண்ணீரில் கரைத்துச் செய்யும் செயற்கைக் கள் நாட்டின் பல இடங்களில் விற்கப்படுகிறது. ஊருக்குள் கசிப்புக் காய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, கள்ளுச் சீவ அனுமதி வேண்டும். மரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பத்தைப் பார்ப்பதற்கு ஆள் குறைவு. எல்லாவற்றையும் விடக் கொடியது சாதி. கள்ளைக் குடித்துவிட்டு, சீவினவரைக் கீழே வைத்துப் பேசும் வழக்கம் இன்னும் சாகவில்லை. அதனால்தான் அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் மரத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. விலையைக் கூட்டிக் கொடுத்தால் மட்டும் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று நான் நம்பவில்லை.

வடக்கில் 1970களில் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும், 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும், திக்கம் வடிசாலையும் இந்தத் தொழிலுக்கு ஓர் அமைப்பைக் கொடுத்தன. போத்தலில் அடைத்த கள் அப்படித்தான் கடைக்கு வந்தது. திராட்சை வைன்தான் வேண்டும் என்பவர்களுக்கும் யாழ்ப்பாணத் திராட்சை இருக்கிறது. தோலகட்டி றோசேரியன் ஆச்சிரமத் துறவிகள் நீண்ட காலமாக வைன் செய்து வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் விமான நிலையத்தில் வாங்கும் போத்தலுக்குப் பதிலாக இதைக் கேட்டு வாங்கலாம்.

தமிழ்நாட்டைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆனால் 2003இலிருந்து மதுபானக் கடைகளை அரசே டாஸ்மாக் மூலம் நடத்துகிறது. மரம் ஏறுகிறவர் குற்றவாளி, ஆலை முதலாளி வரி செலுத்தும் கனவான். அந்த வழிக்கு நாங்கள் போகக் கூடாது.

ஒரு பனை பாளை விடுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் எடுக்கும். போரில் பதுங்குகுழிக்கென்று தறித்த மரங்களுக்குப் பதிலாக 2009க்குப் பிறகு நட்ட விதைகள் இப்போதுதான் அந்த வயதை நெருங்குகின்றன. அவை சீவும் பருவத்துக்கு வரும்போது ஏறுவதற்கு ஆள் இருக்குமா என்பது இன்று நாங்கள் எதை வாங்குகிறோம் என்பதிலும், முட்டியோடு வருகிறவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதிலும் இருக்கிறது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. காலையில் இறக்கிய கள்ளைக் காலையிலேயே, சீவியவரிடமே வாங்குங்கள். பொழுதுபட்ட பிறகும் அதே இனிப்போடு இருக்கும் கள்ளைக் கண்டால், அது மரத்தில் இருந்து வந்ததுதானா என்று கேளுங்கள்.