நூலகர் படிப்பது எப்போது?

1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி கிளம்பியது. வண்டியில் நெல் மூட்டை இல்லை, புத்தகங்கள். பொறியாளராக இருந்த எஸ்.வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுக்கும் நடமாடும் நூலகம். ஐப்பசி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். அந்த மாதத்தில் டெல்டாவின் மண்பாதை எப்படிக் கிடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வண்டியோடு போகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? புத்தகக் கணக்கு எழுதத் தெரிய வேண்டும். எந்தத் தெருவில் யாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும், எந்த வீட்டில் கொடுத்தால் புத்தகம் திரும்பி வரும் என்பதெல்லாம் தெரிய வேண்டும். முதலாவதைப் பாடமாக நடத்தி விடலாம். மற்றவை ஊரில் திரிந்து பழகினால்தான் வரும். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நூலகப் பயிற்சியின் சிக்கல் ஏறத்தாழ இதே இடத்தில்தான் நிற்கிறது.

நூலகர் வேலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று இந்த நாட்டில் அதிகம் பாடுபட்டவரும் இந்த மண்ணுக்காரர்தான். எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா. கணித ஆசிரியராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். சேர்ந்த சில நாட்களிலேயே வேலை அலுத்துவிட்டது. கல்லூரிக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்றார். லண்டன் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பி வைத்தார்கள். அங்கே வகுப்பில் படித்ததோடு நிற்காமல் ஏராளமான நூலகங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும் குழந்தையும் பெண்களும் அங்கே வந்து போவதைக் கண்டார். வகுப்பைவிட அந்தச் சுற்றுலாதான் அவரை நூலகராக்கியது என்பது என் எண்ணம். நம் ஊர்ப்புற நூலகர்களில் எத்தனை பேர் பணிக்காலத்தில் இன்னொரு நல்ல நூலகத்தை ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்?

ஊர் திரும்பிய ரங்கநாதன் 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமானார். 1929இல் அந்தச் சங்கம் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. பிறகு பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தியது. மேலவாசல் வண்டி கிளம்பிய அதே 1931இல்தான் நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வந்தன. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம் அது. வீட்டு வரி ரசீதைக் கூர்ந்து பார்த்தால் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. அந்தக் காசுதான் இன்றும் மாவட்ட நூலக ஆணைக்குழுக்களைத் தாங்குகிறது.

இன்றைய அமைப்பு இப்படி. தலைமையிடத்தில் மாவட்ட மைய நூலகம். அதன் கீழே கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள். தமிழ்நாடு முழுவதும் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டப்பட்டவை வேறு கணக்கு. அவை ஊராட்சியின் பொறுப்பு. பொது நூலகத் துறையில் முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை நூலகர்கள், அவர்களுக்குக் கீழே ஊர்ப்புற நூலகர்கள். சான்றிதழ்ப் படிப்பு முடித்தவர்களும் உண்டு. பட்டம் வாங்கியபின் தபால் வழியில் பி.எல்.ஐ.எஸ். முடித்தவர்களும் உண்டு. அந்தப் பாடத்தில் பகுப்பு, பட்டியல், நூலக நிர்வாகம், இப்போது கொஞ்சம் கணினி என்று இருக்கும். இவையெல்லாம் தேவைதான். ஆனால் பாடத்தின் முகம் அலமாரியைப் பார்த்து இருக்கிறது. நூலகரோ வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

வாசல் வழியாக வருவது என்ன? காலையில் செய்தித்தாள் படிக்கும் பெரியவர்கள். அது அன்றும் இன்றும் ஒன்றுதான். பத்து மணிக்கு மேல் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். இவர்களில் பலர் நூலகத்தின் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. பையிலிருந்து தங்கள் புத்தகத்தை எடுத்து, மின்விசிறிக்குக் கீழே, சார்ஜர் போட வசதியான இடம் பார்த்து உட்காருவார்கள். இவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்க ஆள் தேவையில்லை. பள்ளிப் பாடநூல்களை எந்த அரசுத் தளத்தில் இலவசமாக இறக்கலாம், பழைய வினாத்தாள் எங்கே கிடைக்கும், ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய கையேட்டில் இருப்பது சரியா என்று சொல்ல ஆள் தேவை. படிக்க வரும் பெண்கள் மாலை வரை நிம்மதியாக உட்கார முடிகிறதா என்று கவனிக்கவும் ஆள் தேவை. கடைசியாகச் சொன்னதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் இடம் கிடையாது.

சம்பா நட்டு முடித்ததும் இன்னொரு கூட்டம். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஒரு விவசாயி ஊர்ப்புற நூலகத்துக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். “சார், அடங்கல்ல ஒரு சர்வே நம்பரு, பாஸ்புக்ல ஒரு பேரு. இது போதுமா, வேற எதும் வேணுமா? கொஞ்சம் பாருங்களேன்” என்கிறார். இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்லிக் கைகாட்டிவிடலாம். ஆனால் அங்கே வரிசை நிற்கிறது, கட்டணம் இருக்கிறது, கேள்வி கேட்டு நிற்க நேரமில்லை. நூலகத்தில் நாற்காலி இருக்கிறது, பொறுமையாகப் படித்துச் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார்.

இந்த இடத்தில் நூலகருக்கு வேண்டிய திறமை கணினித் திறமை அல்ல. வந்தவர் கேட்பது ஒன்றாகவும் அவருக்குத் தேவைப்படுவது வேறாகவும் இருக்கும். இரண்டு கேள்வி எதிர்க்கேள்வி போட்டு, முகம் சுளிக்காமல், உண்மையான தேவையைக் கண்டுபிடிக்க வேண்டும். ரங்கநாதன் நோக்கீட்டுச் சேவை என்ற பெயரில் தனி நூலே எழுதும் அளவுக்கு முக்கியமாகக் கருதியது இந்த வேலையைத்தான். இதைச் சுவரில் படம் ஓட்டிக் கற்பிக்க முடியாது. ஒருவர் விவசாயியாகவும் ஒருவர் நூலகராகவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும்.

கூடவே எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். படிவத்தை விளக்கலாம். எந்த அலுவலகம், எந்தத் தேதி என்று சொல்லலாம். ஆனால் கைப்பேசிக்கு வரும் ஓடிபியை “நீங்களே பார்த்துப் போட்டுடுங்க சார்” என்று நீட்டினால் வாங்கலாமா? வாங்கக் கூடாது என்பேன். நாளைக்குக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் சந்தேகம் நூலகர் மேல்தான் விழும். உதவிக்கும் பொறுப்புக்கும் நடுவே கோடு எங்கே என்று துறை எழுத்தில் சொல்லாதவரை, நல்லவர் மாட்டிக்கொள்வார். கெட்டிக்காரர் கையைக் கட்டிக்கொள்வார்.

கணினித் திறமை தேவையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்தக் கணினித் திறமை? மென்பொருளைத் திறந்து மூடத் தெரிவது போதாது. தஞ்சைப் பக்கத்து நூலகத்தில் இந்த மண்ணின் எழுத்தாளர்களைத் தேடிப் பாருங்கள், புரியும். ஒருவர் ‘தி. ஜானகிராமன்’ என்று புள்ளிக்குப் பின் இடம் விட்டுப் பதிந்திருப்பார். இன்னொருவர் இடம் விடாமல். மூன்றாமவர் ‘ஜானகிராமன், தி.’ என்று. பதிந்த விதம் வேறு, தேடும் விதம் வேறு என்றால், அலமாரியில் இருக்கும் புத்தகம் கணினியில் இல்லாமல் போகும். எம்.வி. வெங்கட்ராமுக்கு ‘விக்ரஹவிநாசன்’ என்று ஒரு பெயர், ந. பிச்சமூர்த்திக்கு ‘பிக்ஷு’. இரண்டு பெயரும் ஒருவரே என்று சேர்த்து வைக்காவிட்டால் கும்பகோணத்துக்காரர்கள் சொந்த ஊரிலேயே பாதி காணாமல் போவார்கள்.

எல்லாவற்றையும்விடக் குறும்பானது எழுத்தாளர் மௌனி விஷயம். ‘மௌ’ என்பதை ஒழுங்காக ஔகாரக் குறியோடு அடிக்கலாம். ‘மெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ போட்டாலும் திரையில் கிட்டத்தட்ட அதே உருவம்தான். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். எழுத்தில் கைக்கு அகப்படாதவர் பட்டியலிலும் அப்படியே இருந்து தொலைக்கிறார்.

இதற்கு மேல் பழைய எழுத்துருக்களின் வம்பு. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்பதற்கு முன்பு ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வோர் எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அப்போது பதிந்த பட்டியலை இன்றைய கணினியில் திறந்தால் சிலந்தி ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். அதை மாற்றும் கருவிகள் உண்டு; மாற்றியபின் ஒப்பிட்டுத் திருத்தத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் தேடி எடுத்துக் கொடுக்கத் தெரிந்த நூலகர், ஒரு சிற்றூர் நூலகத்தின் இருப்பைப் பல மடங்கு ஆக்கிவிடுகிறார். இதற்கு இரண்டு நாள் பயிற்சி போதும்.

திறமை கைமாறாமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்கத் தஞ்சாவூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். அரண்மனைக்குள் போனால் போதும். சரசுவதி மகால் நூலகத்தில் சரபோஜி காலத்துச் சேர்க்கை உட்பட நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது எப்படி என்பது அங்கே தலைமுறையாகப் பார்த்துப் பழகிய வேலை. ஆனால் மராட்டியர் ஆட்சியின் அன்றாடக் கணக்குகள் எழுதப்பட்ட மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டார்கள். காகிதம் பத்திரமாக இருக்கிறது. வாசிக்கத்தான் ஆள் குறைவு.

சரி, பயிற்சி கொடுத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் முட்டுகிறது. ஊர்ப்புற நூலகத்தில் திறப்பவர், பெருக்க ஏற்பாடு செய்பவர், புத்தகம் கொடுப்பவர், கணக்கு எழுதுபவர் எல்லாம் ஒரே ஆள். பணியிடம் காலியாக இருந்தால் பக்கத்து ஊர் நூலகத்தையும் அவரே சேர்த்துப் பார்ப்பார். அவரை மூன்று நாள் சென்னைக்கு அழைத்தால் இரண்டு ஊரில் பூட்டுத் தொங்கும். வார விடுமுறை வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அதையும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால் வீட்டில் பதில் சொல்ல முடியாது. தினக்கூலியிலும் குறைந்த ஊதியத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு, கற்றுக்கொண்டு வந்தால் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. அந்தக் கேள்வியில் தப்பில்லை.

யுனெஸ்கோவும் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவும் 2022இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, நூலகரின் தொடர் கல்வி தவிர்க்க முடியாதது என்கிறது. கொல்கத்தாவில் 1972 முதல் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் பயிலரங்குகளுக்குப் பணம் தருகின்றன. கொள்கையில் குறையில்லை. மாற்று ஆள் யார் என்பதற்குத்தான் பதில் இல்லை. நடக்கக்கூடிய வழி சிறியதாகத்தான் இருக்க முடியும். ஒரு வட்டத்தில் இருக்கும் ஆறேழு நூலகர்கள் மாதம் ஒரு மதியம், காலை நேரமும் மாலை நேரமும் கெடாமல், யாராவது ஒருவருடைய நூலகத்தில் கூடலாம். இந்த மாதம் பாபநாசம், அடுத்த மாதம் அம்மாபேட்டை. மௌனியைச் சரியாக அடிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். வர இயலாதவர்களுக்கு வீட்டிற்கே புத்தகம் கொண்டு போகும் நூலக நண்பர்கள் திட்டத் தன்னார்வலர்களையும் கூப்பிடலாம். மேலவாசல் வண்டிக்காரரின் வாரிசுகள் அவர்கள்தான்.

அங்கே என்ன கற்பிப்பது என்று எப்படி முடிவு செய்வது? ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் நூலகங்கள் எத்தனை, நூல்கள் எத்தனை, உறுப்பினர் எத்தனை என்று கணக்கு இருக்கும். வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரு கணக்கு இருந்து நான் பார்த்ததில்லை. மேசை மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாலு கட்டம்: தேதி, கேட்டது என்ன, பதில் எங்கே கிடைத்தது, கிடைக்கவில்லை என்றால் ஏன். நாலாவது கட்டத்தில் அதிகம் எழுதப்படுவது எதுவோ, அடுத்த மாதம் பாபநாசத்தில் அதைத்தான் எடுக்க வேண்டும்.