பெயரைத் தமிழில் வைத்ததால் அழிந்த 40,320 படங்கள்

அதிராம்பட்டினம் உப்பளத்தில் ஒரு கோடைக்கு பழைய கேமரா ஒன்றைக் கம்பத்தில் கட்டி வைத்தேன். நிமிடத்துக்கு ஒரு படம், 28 நாள், மொத்தம் 40,320. ஆசையா எல்லாத்துக்கும் ‘அதிராம்பட்டினம்-00001.ஜேபெக்’ வரிசையில் தமிழிலேயே பெயர். லினக்ஸில் என் ஸ்கிரிப்ட் ரெண்டே வரி. முதல் வரி, நட்சத்திரக் குறி போட்டு எல்லாப் படத்தையும் பேக்கப் டிஸ்க்குக்கு நகலெடுக்கும். அடுத்தது, மூல ஃபோல்டரை அழிக்கும்.

முதல் வரி ‘ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்’ என்று மறுத்துவிட்டது. ரெண்டாவது வரிக்கு ஒரே ஒரு ஃபோல்டர் பெயர்தானே, அது ஜோரா ஓடிடுச்சு. படம் அத்தனையும் போச்சு.

முந்தின வருஷம் இதே ஸ்கிரிப்ட் 43,200 படங்களை ஒழுங்கா நகலெடுத்தது. அப்போ ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தில். அங்கேதான் விஷயம்.

நட்சத்திரக் குறியை விரிப்பது ஷெல். விரிந்த பெயர்கள் எல்லாவற்றையும் கெர்னல், புது நிரலின் ஸ்டாக் உச்சியில் எழுதி வைத்த பிறகுதான் நிரல் தொடங்கும். சூழல் மாறிகளும் அதே இடத்தில்தான். 2007இல் வந்த 2.6.23 கெர்னலுக்கு முன் இதற்கு 128 கேபி மட்டுமே. அதற்குப் பின் ஸ்டாக் வரம்பில் கால் பங்கு. வழக்கமான ஸ்டாக் 8 எம்பி, ஆக 2 எம்பி, அதாவது 20,97,152 பைட்.

‘அதிராம்பட்டினம்’ பார்வைக்கு 9 எழுத்து. யூனிகோடில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி, ஆக 15 குறி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 45. ஆங்கிலத்தில் 14 பைட்தான். எண்ணும் மூன்றெழுத்துப் பின்னொட்டும் சேர்ந்து 10, முடிவுக்கு 1, பெயர் இருக்குமிடத்தைக் காட்டும் பாயின்டருக்கு 8 (2017 முதல் இதையும் கெர்னல் கணக்கில் சேர்க்கிறது). தமிழில் படத்துக்கு 64 பைட், ஆங்கிலத்தில் 33. வகுத்தால் தமிழில் 32,768 பெயர், ஆங்கிலத்தில் 63,550. சூழல் மாறிகள் இதிலும் கொஞ்சம் தின்னும்.

வயிற்றெரிச்சல் அடங்கினதும் சோதித்துப் பார்த்தேன். எதுவுமே செய்யாத ‘ட்ரூ’ நிரல் இதற்குத் தோது. ஆனால் முழுப் பாதை கொடுத்துக் கூப்பிடணும். ஷெல்லுக்குள்ளேயே ஒரு ட்ரூ உண்டு, அது புது நிரலைத் தொடங்காது, வரம்பிலும் முட்டாது. ‘யுலிமிட்’ வைத்து ஸ்டாக்கை 16 எம்பி ஆக்கினால் இடம் 4 எம்பி ஆகிறது. வரம்பே வேண்டாம் என்றால்? ‘கெட்கான்ஃப்’ 19 இலக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டியது. நம்பாதீர்கள், கெர்னல் 6 எம்பியில் நிறுத்திவிடுகிறது. இதுவும் 2017இல் வந்த கட்டுப்பாடு. இன்னொரு சுவர், தனி ஒரு ஆர்க்யுமென்ட்டுக்கு 1,31,072 பைட். ‘அ’வை 43,690 முறை கொடுத்தேன், போனது. இன்னும் ஒரு ‘அ’ சேர்த்ததும் அதே பிழை.

அதனால் ஸ்டாக்கை ஏற்றுவது என் வழியில்லை. இப்போ ‘ஃபைண்ட்’ பெயர்களைத் தேடி, ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ அவற்றை வரம்புக்குள் அடங்கும் கட்டுகளாப் பிரித்து, கட்டு கட்டாக நகலெடுக்கிறது. பெயரில் இடைவெளி இருந்தாலும் உடையாதபடி இரண்டுக்கும் நடுவில் பிரிப்பான் பூஜ்ய பைட். அழிக்கும் வரிக்கு முன்னால் ரெட்டை ஆம்பர்சண்ட் போட்டிருக்கிறேன்; நகல் தோற்றால் அந்த வரி ஓடாது.