கொடுத்தும் "கொடுக்கவில்லை" என்கிறதா?

மருந்தகப் பதிவு நிரல் ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் மருந்து ஒவ்வாமை விவரத்தை அனுப்பியும், எஸ்கியூஎல் சர்வர் 201ஆம் எண் பிழையைக் காட்டி, அந்த விவரம் தரப்படவில்லை என்கிறது. ஏன்?

தரவுத்தளத்துக்குள் பெயரிட்டுச் சேமித்து வைக்கும் கட்டளைத் தொகுப்பே 'ஸ்டோர்ட் புரொசீஜர்'. முதலில் அதே விவரங்களுடன் அதைத் தரவுத்தளத்திலேயே நேரடியாக இயக்கிப் பாருங்கள். அங்கே சரியாக ஓடினால், கோளாறு பெரும்பாலும் உங்கள் நிரல் அதை அழைக்கும் விதத்தில்தான்.

சி ஷார்ப் நிரலில் இரண்டைச் சோதியுங்கள். ஒன்று, 'கமாண்ட் டைப்' என்ற இடத்தில் 'ஸ்டோர்ட் புரொசீஜர்' என்று குறித்திருக்கிறீர்களா? இரண்டு, நீங்கள் அனுப்பும் மதிப்பு சி ஷார்ப்பின் வெற்று மதிப்பான 'நல்' ஆக இருக்கிறதா? அப்படி அனுப்புவது, படிவத்தில் ஒரு கட்டத்தைத் தொடாமலே விடுவதற்குச் சமம். 'டிபிநல்.வேல்யூ' என்று அனுப்பினால், அதே கட்டத்தில் "தெரியாது" என்று எழுதியதாகும். தரவுத்தளம் ஏற்பது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புரொசீஜரில் அந்த விவரத்துக்கு "ஒவ்வாமை இல்லை" என்று முன்கூட்டியே மதிப்பு வைத்திருந்தால், பிழைச்செய்தியே வராது. "தெரியாது" என்பது சத்தமில்லாமல் "இல்லை" என்று பதிவாகிவிடும். மருத்துவரும் அதை நம்பியே மருந்து எழுதுவார்.