கோழிக்குஞ்சைத் தூக்கியது எந்தப் பறவை? ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு வரும் வேட்டைப் பறவைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கம் வீட்டு முற்றத்தில் ஒரு கோழிக்குஞ்சு குறைந்தால் போதும், பழி முழுக்க 'பிராந்து' மேல்தான் விழும். வானத்தில் வட்டமடிப்பது எதுவாக இருந்தாலும் பிராந்து, கொஞ்சம் பெரிதாக இருந்தால் கழுகு. கையில் கல் ஏறிவிடும். ஆத்திரத்தில் விஷம் வைக்கலாமா என்றுகூட சிலர் யோசிப்பார்கள்.

ஆனால், இந்தக் கடற்கரையில் வீட்டைச் சுற்றி வருவது ஒரே பறவை அல்ல. சில பறவைகள் குஞ்சைத் தூக்கும். மற்றவை எலிக்கும் ஓணானுக்கும் மீன் கழிவுக்கும் வருபவை. எப்படிப் பிரித்து அறிவது?

முதலில் வாலைப் பாருங்க

மீன் காயவைக்கும் இடங்களுக்கு மேலே கூட்டமாகச் சுற்றுபவை பெரும்பாலும் இரண்டு வகைதான்.

கரும்பருந்து: உடல் முழுக்க அடர் பழுப்பு. கீழிருந்து பார்த்தால் வாலின் நடுவில் மீன் வால் மாதிரி ஒரு வெட்டு தெரியும். குப்பை, மீன் கழிவு, செத்த எலி எல்லாம் தின்னும். வாய்ப்பு கிடைத்தால் குஞ்சையும் தூக்கும்.

செம்பருந்து: கும்பாபிஷேகத்தில் வட்டமிட்டால் மக்கள் கைகூப்பும் 'கருடன்' இதுதான். தலையும் மார்பும் வெள்ளை, மற்ற உடம்பு செங்கல் நிறம். மீன், நண்டு, மீன் கழிவுதான் முக்கிய உணவு, எப்போதாவது குஞ்சையும் எடுக்கும். இதன் இளம்பறவை பழுப்பாக இருப்பதால் பலரும் கரும்பருந்து என்று ஏமாறுவார்கள். வால் நுனி வெட்டு இல்லாமல் வளைவாக இருந்தால் அது செம்பருந்து.

மரத்துக்குள் ஒளிந்திருப்பது யார்?

வேப்பமரத்தில் அணில்கள் விடாமல் கத்துகின்றனவா? மைனாக்கள் பதறிப் பறக்கின்றனவா? உள்ளே வல்லூறு இருக்கலாம். சில ஊர்களில் இதை வைரி என்பார்கள். புறா அளவுதான் இருக்கும். மேலே சாம்பல் நிறம், மார்பில் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள். பருந்து மாதிரி வானத்தில் வெகுநேரம் சுற்றாமல், கிளையில் மறைந்திருந்து சட்டென்று பாயும். ஓணான், பல்லி, சிறு பறவை, சில சமயம் சின்னக் குஞ்சும் இதற்கு இரை.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. அக்காக்குயில் பார்க்க வல்லூறு போலவே இருக்கும், அதுபோலவே பறக்கும். அலகைக் கவனியுங்கள். வல்லூறுக்கு வளைந்த கொக்கி அலகு, குயிலுக்கு அந்தக் கொக்கி கிடையாது. குயில் கம்பளிப்பூச்சி தின்பது, குஞ்சுப் பக்கமே வராது.

கடலோரத்துப் பெரியவர்கள்

வெண்வயிற்றுக் கடற்கழுகு: இறக்கை விரித்தால் சுமார் 2 மீட்டர். தலையும் வயிறும் தூய வெள்ளை, மேலே சாம்பல். இரை மீனும் கடல் பாம்பும்.

விரால் அடிப்பான்: குளிர்காலத்தில் வரும் விருந்தாளி. கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை ஓடும். காலை முன்நீட்டித் தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் உங்கள் கோழியோடு வேலை இல்லை.

இரவுக் காவலர்கள்

சாயந்திரத்துக்கு மேல் வருபவை ஆந்தைகள். இதய வடிவ வெள்ளை முகம் இருந்தால் கூகை. உருண்டைத் தலையும் வெள்ளைப் புள்ளிகளும் இருந்தால் புள்ளி ஆந்தை. கூகைக்கு எலிதான் முக்கிய இரை. அபசகுனம் என்று விரட்டினால் லாபம் எலிக்குத்தான்.

விஷம் வைத்தால் என்ன ஆகும்?

எலி விஷங்களில் பல உடனே கொல்லாது. விஷம் தின்ற எலி சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் பருந்துக்கும் விஷம் ஏறும். இறைச்சியில் விஷம் தடவி வைத்தால் நாய், பூனை, காகம் என்று எல்லாமே சாகும். குஞ்சைத் தூக்கிய பறவை அதில் சிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தப் பறவைகளைக் கொல்வதும் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குஞ்சைக் காப்பாற்ற என்ன வழி?

* முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகம். அதுவரை தாய்க்கோழியோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.
* மேயும் இடத்துக்கு மேலே பழைய மீன்வலையை இறுக்கமாகக் கட்டுங்கள். தொய்வாக இருந்தால் பறவையும் பாம்பும் சிக்கிக்கொள்ளும்.
* மீன் கழிவை முற்றத்தில் கொட்டாதீர்கள். பருந்தை வீட்டுக்குக் கூப்பிடுவதே அதுதான்.
* ஓடி ஒளிய ஒரு புதரோ ஓலைக் கூரையோ இருக்கட்டும். தாய்க்கோழி எச்சரித்ததும் குஞ்சுகள் அங்கே பாய்ந்துவிடும்.

அடிபட்ட பறவையைப் பார்த்தால் துணியால் மூடி, காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அடுத்த முறை முற்றத்தில் நிழல் விழுந்தால் கல்லைத் தேடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுங்க. வாலும் அலகும் தெரிந்தால் போதும், வந்தது திருடனா, எலி பிடிக்க வந்த காவல்காரனா என்பது புரிந்துவிடும்.